சிவப்புப் பெருக்கல் போட்ட அறை

நவம்பர் 3

அன்புத் தம்பிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ சிரித்தாலும் சரி. உன் கடிதத்தை நான் கக்கூஸுக்குள் உட்கார்ந்துதான் படித்தேன். இந்த டிப்போவில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரே இடம் அதுதான். வெளியே ஒரு டிரைவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். "என்னக்கா, உள்ளேயே குடித்தனம் வச்சுட்டியா?" என்றார். "ஆமாய்யா, வாடகை கம்மி, நீ வேற வீடு பாத்துக்கோ" என்றேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்ற வரி வந்ததும் குழாயைத் திறந்துவிட்டேன். நான் அழுகிற சத்தம் மாடு கத்துகிற மாதிரி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே.

நிலநடுக்கம் என்று டிப்போ டிவியில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் செய்யலாம் என்றால் நீ போனைத் தொட மாட்டாய், நடுவில் யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்பாய். உன் ஊர் பஸ்ஸில் போகிற நம் கண்டக்டர் மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்! அவரிடமே கொடுத்தனுப்பு. நான் படித்த நாலாம் வகுப்புக்கு இவ்வளவு எழுதுவதே பெரிது. சில எழுத்து எனக்கே புரியாது, நீ யூகித்துக்கொள்.

ஓடி வரலாம் என்றால் கால் மாவுக்கட்டில் இருக்கிறது. பஸ்ஸைப் பெருக்கிக்கொண்டே பின்னால் வந்தேன், படியில் சறுக்கிவிட்டேன். ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழுந்தவர்கள் நிறையப் பேர். நின்ற பஸ்ஸிலிருந்து விழுந்தவள் நான் ஒருத்திதானாம். எல்லாரும் வந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

நீ இருந்த கட்டடம் விழவில்லை, ஆனால் கதவில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். போட்டிருந்தால் போட்டிருக்கட்டும். அந்தப் பக்கம் போகாதே. சாவியும் உடுத்தின சட்டையுமாக வெளியே வந்தாய் அல்லவா, அது போதும். மாத்திரை கிடைக்கிறதா? அதை மட்டும் உடனே எழுது.

உன் அக்கா

நவம்பர் 7

அக்கா,

மாத்திரை கிடைக்கிறது. முகாமுக்கு ஒரு நர்ஸம்மா வருகிறார். பெயரைக் கேட்டார், நோயைக் கேட்டார். மனச்சிதைவு என்று சொன்னேன். அவர் சாதாரணமாக எழுதிக்கொண்டார். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டுவிட்டது.

எங்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பறைக்கு ஐந்தாறு குடும்பம். என் பக்கத்தில் படுப்பவர் முடிவெட்டுகிறவர். அவருடைய கடை முழுக்க விழுந்துவிட்டது. தூங்காமல் உட்கார்ந்தே இருக்கிறார்.

இங்கே எல்லாரும் ஒருவரை ஒருவர் "ஆடுச்சா? இப்ப ஆடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதி நேரம் ஆடுவதில்லை. அவர்களுக்கு மட்டும் ஆடுகிறது. ஊரே என்னைப் போல ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் நான் கேட்டால் அது வேறாகிவிடுகிறது. நேற்றுக் குழாயடியில் ஒரு அம்மாவிடம், "என் பேரை யாரோ கூப்பிடறாங்க, உங்களுக்கும் கேட்குதா?" என்று கேட்டேன். நீ சொல்லிக்கொடுத்த வழிதானே, இரண்டு பேருக்குக் கேட்டால் அது நிஜம். அவர் குடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்.

அறையில் இருந்தபோது சுலபமாக இருந்தது. அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. அதனால் எது கேட்டாலும் அது என் தலைக்குள்ளிருந்து வருவது என்று தெரியும். இங்கே எங்கும் ஆட்கள். எது யாருடைய குரல் என்று பிரிக்க முடியவில்லை. நாள் முழுவதும் அதே வேலையாக இருக்கிறது.

மைதானத்தில் தகர அறைகள் கட்டுகிறார்கள். வீட்டு வசதி அதிகாரி வயதானவர், சத்தமாகப் பேசுகிறார். குடும்பங்களுக்கு முதலில், தனி ஆட்களுக்கு நான்கு பேருக்கு ஒன்று என்றார். என்னைப் பார்த்து, "உனக்குக் காப்பகம்தான் சரிப்படும், அங்கே உன்னைப் பாத்துக்குவாங்க" என்றார்.

தம்பி

நவம்பர் 11

என் தங்கக் கட்டிக்கு,

காப்பகமா? அந்த ஆள் நாக்கு அழுகிப்போக!

நீ அங்கே இருந்த காலத்தை நான் மறக்கவில்லை. சட்டையில் உன் பெயரை விட்டுவிட்டு ஒரு நம்பர் தைத்திருந்தார்கள். பார்க்க வந்த என்னையே நீ யாரோ என்று பார்த்தாய். அங்கிருந்து உன்னை மீட்டு, செருப்புக்கடைக்காரரைப் பிடித்து, அவர் கடைக்கு அட்டைப்பெட்டி மடிக்கிற வேலையும் மாடியில் ஓர் அறையும் வாங்கித் தருவதற்குள் எனக்குப் பாதி முடி நரைத்தது. மீதிப் பாதியையும் நீயே நரைக்க வைத்துவிடாதே, சாயம் விற்கிற விலைக்கு!

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். யாரிடமும் "கேட்குதா" என்று கேட்காதே. ஒருத்தரிடமும் வேண்டாம். அவர்கள் பயந்துபோய் அதிகாரியிடம் சொல்வார்கள், அவர் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார். வாயைத் தைத்துக்கொள். எது கேட்டாலும், உன்னுடையதுதான் என்று வைத்துக்கொள். சந்தேகமாக இருந்தால் எனக்கு எழுது, நான் சொல்கிறேன். பேரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதே, அது நம் பழைய ஏற்பாடு.

சிரித்த முகமாக இரு. உன் முகத்துக்குச் சிரிப்பு அவ்வளவாக ஒத்துவராது, தெரியும். முயற்சி செய்.

அக்கா

நவம்பர் 15

அக்கா,

நீ சொன்னபடி செய்கிறேன். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. நர்ஸம்மா, "இப்ப நல்லா இருக்கீங்களே" என்றார்.

இப்போது தூங்க முடிகிறது. நல்ல அமைதி. பகல் முழுவதும் தூங்கிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வரிசைக்கு வந்துவிடுகிறேன். அலாரக் கடிகாரம் நின்றுபோயிருந்தது. சாவி கொடுத்ததும் ஓடுகிறது. ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு குலுங்கியும் கண்ணாடி உடையவில்லை.

நீ கவலைப்பட வேண்டாம்.

தம்பி

நவம்பர் 18

டேய்,

கவலைப்பட வேண்டாம் என்று நீ எழுதினால்தான் எனக்குக் கவலையே வருகிறது.

எந்தக் கடிகாரம்? நான் வாங்கிக் கொடுத்த பச்சைக் கடிகாரமா? அது உன் கட்டில் தலைமாட்டில் ஆணியில் தொங்கியது. நீ சாவியோடும் சட்டையோடும்தானே இறங்கினாய்? கடிகாரம் கால் முளைத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்ததா? அஞ்சாறு குடும்பம் பிள்ளைகுட்டியோடு இருக்கிற வகுப்பறையில் உனக்கு எங்கிருந்து அமைதி?

நீ அந்த அறைக்குப் போய்ப் படுக்கிறாயா? ஆமாவா இல்லையா? ஒரு வார்த்தை எழுது. கண்டக்டர் சாப்பிடுகிற நேரம் நிற்பார், அங்கேயே எழுதிக் கொடு. கதை எழுதாதே. அவசரத்தில் எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இப்படி. இல்லாவிட்டாலும் இப்படித்தான் என்று சொல்வாய். சொல்லிக்கொள்.

அக்கா

நவம்பர் 20

அக்கா,

ஆமாம்.

சாவி என்னிடம் இருந்தது. கீழே கடை ஷட்டர் பூட்டியிருக்கிறது, பக்கவாட்டுப் படி திறந்துதான் இருக்கிறது. சிவப்புப் பெருக்கல் போட்டிருப்பதால் யாரும் அந்தத் தெருவுக்குள்ளேயே வருவதில்லை. அவர்கள் பயப்படுவது எனக்கு வசதியாக இருக்கிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று நாட்களாக மதிய நேரத்தில் ஒரு புதுச் சத்தம். குரல் இல்லை. தூக்கத்தில் ஒருவர் பல்லைக் கடிப்பது போல, நறநறவென்று. ஜன்னல் பக்கத்துச் சுவருக்குள் இருந்து வருகிறது. முன்பெல்லாம் இப்படிக் கேட்டதில்லை. யாரிடமாவது கேட்கலாமா என்று கீழே இறங்கிப் போனேன். முனையில் ஒரு காவலாளி நின்றார். நீ சொன்னது நினைவு வந்தது. கேட்காமல் திரும்பிவிட்டேன்.

என்னுடையதுதான் என்று வைத்துக்கொண்டேன். மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன். தலை கனக்கிறது, ஆனால் சத்தம் குறையவில்லை. நேற்றுக் கட்டில் மேல் வெள்ளையாகப் பொடி கிடந்தது. தட்டிவிட்டேன். சாயந்திரம் மறுபடி கிடந்தது. இதுவரை நான் சத்தம்தான் கேட்டிருக்கிறேன், இல்லாத எதையும் பார்த்ததில்லை. நோய் முற்றுகிறதோ என்று பயமாக இருக்கிறது. நீ என்ன நினைக்கிறாய்? எழுது. அதுவரை இங்கேயே இருக்கிறேன்.

தம்பி

நவம்பர் 21

இதைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று படி. போ. அப்புறம் படி.

நின்றுவிட்டாயா?

அது நீ இல்லையடா. அது சுவர். உன் நோயில் ஒரு நாளும் பொடி உதிர்ந்ததில்லை. சுவர்தான் உள்ளுக்குள்ளே விரிந்துகொண்டிருக்கிறது.

உன் கடிதத்தைப் பஸ்ஸுக்குள் நின்றபடியே படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். செருப்புக்கடைக்காரருக்குப் போன் போட்டேன், அடிக்கவே இல்லை. நர்ஸம்மா நம்பர் என்னிடம் இல்லை. பஸ் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான். உன் தெரு முனையில் நிறுத்தி உன்னை இறக்கச் சொல்லிக் கண்டக்டரைக் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "பாசஞ்சரை வச்சுக்கிட்டு எப்படிக்கா வழியில நிறுத்துவேன்?" என்றார். "என் தம்பியும் பாசஞ்சர்தான், இறக்கிவிடு" என்றேன்.

அப்புறம்தான் எனக்கு உயிரே போனது. அவர் கீழே நின்று உன் பெயரைச் சொல்லிக் கத்துவார். நீ திரும்ப மாட்டாய். திரும்பாதே என்று சொல்லிவைத்தவளே நான்தானே! அதனால் அவரிடம், "கூப்பிடாதேய்யா, விசில் அடி. பஸ் கிளம்பற மாதிரி ரெண்டு அடி. நாய் குரைக்கிற அளவுக்கு அடி" என்று சொல்லியிருக்கிறேன். நாய் குரைத்தால் அது நாய்க்கும் கேட்டது. இரண்டாவது ஆள் ஆயிற்றே.

இந்தத் தாள் உன் கையில் இருந்தால் நீ இறங்கி வந்துவிட்டாய். மறுபடி மேலே ஏறாதே. கடிகாரத்துக்காகவும் ஏறாதே. மாத்திரை பழையபடி ஒன்றுதான். இரண்டாகப் போட்டதை நர்ஸம்மாவிடம் இன்றைக்கே சொல்.

அக்கா

நவம்பர் 24

அக்கா,

கண்டக்டர் நீ சொன்னதை மறந்து முதலில் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நிறைய நேரம் கூப்பிட்டார். வழக்கமாக என்னைக் கூப்பிடும் குரலை விட இது கொஞ்சம் கோபமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு விசில் வந்தது. தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன. எழுந்து ஜன்னலுக்குப் போனேன். அவர், "அய்யா சாமி, இறங்கி வாங்க, உங்க அக்கா என்னைக் கொன்னுடுவா" என்றார்.

எதிர்ப்பக்கம் நின்று படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது தரை ஆடியது. சின்ன ஆட்டம்தான். முதலில் பக்கவாட்டுப் படி உட்கார்ந்தது. பிறகு ஜன்னல் இருந்த சுவர் அப்படியே தெருவில் படுத்தது. என் கட்டில் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, போர்வையோடு. தெரு முனையில் பஸ்ஸிலிருந்து எல்லாரும் இறங்கி வந்து பார்த்தார்கள். நான் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கண்டக்டர் நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

சிவப்புக் குறி போட்ட கட்டடத்தில் இருந்தேன் என்று தெரிந்து அதிகாரி கத்தினார். இப்படிப்பட்டவனைப் பொறுப்பில்லாமல் விட முடியாது, திங்கட்கிழமை காப்பகத்து வண்டி வருகிறது என்றார். நர்ஸம்மா என்னவோ வாதாடினார். என் சாவி இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது. திறப்பதற்குக் கதவு இல்லை.

எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது, அக்கா. இது என் நோயின் பயமா, எல்லாருக்கும் வருகிற பயமா? சொல்.

தம்பி

நவம்பர் 25

தம்பி,

எல்லாருக்கும் வருகிற பயம்தான். எனக்கும் வந்திருக்கிறது. சிரிப்புக்காட்டலாம் என்று மூன்று தாளைக் கிழித்துவிட்டேன், ஒன்றும் வரவில்லை.

யாரிடமும் கேட்காதே என்று உன்னிடம் சொன்னேனே, அது தப்பு. உன்னைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிற பயத்தில் சொல்லிவிட்டேன், அது உன்னைச் சுவருக்கு அடியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. இனிமேல் கேள். ஆனால் ஊரையே கேட்காதே. ஓர் ஆளைப் பிடித்து அவரிடமே கேள்.

டிப்போ மேனேஜர் போனிலிருந்து அந்த அதிகாரியைப் பிடித்தேன். "சார், அவன் ஒன்பது வருஷமா தனியா ஒரு அறையில் இருந்தவன், ஒருத்தர்கிட்டயும் ஒரு வம்பு இல்ல. வாடகைகூடப் பாக்கி வச்சதில்ல" என்றேன். "அம்மா, இடிஞ்ச வீட்டுல போய்ப் படுக்கறவனை நான் எப்படி நம்பறது?" என்றார். "அவனுக்குக் கூட்டத்துல தூக்கம் வராது சார். உங்களுக்கு வருமா?" என்றேன். அப்புறம், தினம் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று முகாமிலேயே யாராவது ஓர் ஆள் பொறுப்பு ஏற்றால் யோசிக்கிறேன் என்றார். ஆள் முகாமில் இருக்க வேண்டுமாம். நான் கணக்கில் வரமாட்டேனாம்.

உன் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற முடிவெட்டுகிறவரைக் கேட்டுப் பார். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் இந்தத் தாளைக் கொடு.

அண்ணா, இதை நீங்கள் படித்தால்: இவன் யாரையும் அடிக்க மாட்டான், திருட மாட்டான். குறட்டை மட்டும் விடுவான். சுத்தமாக இருப்பான். என்னைப் போலத் தொணதொணக்க மாட்டான். திங்கட்கிழமைக்கு முன்னால் உங்கள் முடிவைச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

அக்கா

டிசம்பர் 1

அக்கா,

முடிவெட்டுகிறவர் உன் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். முடியாது என்பதை இப்படிச் சொல்கிறார் என்று நினைத்துத் துணியை மடித்து வைத்தேன்.

திங்கட்கிழமை வண்டி வந்தது. ஓட்டுநர் இறங்கிக் கதவைத் திறந்துவைத்தார். நர்ஸம்மா என் பக்கத்தில் நின்றார். அப்போது முடிவெட்டுகிறவர் அதிகாரியைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். வரும்போதே சண்டை. அதிகாரி, "உனக்கே தூக்கம் இல்ல, நீ இவனைப் பாத்துக்கப் போறியா?" என்றார். அவர், "அதான் சார் சொல்றேன். நான் ராவெல்லாம் ஆடுது ஆடுதுன்னு உக்காந்திருக்கேன். யாரைக் கேட்டாலும் ஆமா ஆடுதுன்னு அவங்களும் எந்திரிச்சு ஓடறாங்க. இந்த ஆளு ஒருத்தர்தான் தரையில கையை வச்சுப் பாத்துட்டு, இல்ல, படுங்கன்னு சொல்வாரு. எனக்கு இவர் வேணும் சார்" என்றார்.

அப்படி நான் சொல்லியிருக்கிறேன், உண்மைதான். எனக்கு அது பழக்கம். உதவி என்று நினைத்துச் செய்யவில்லை.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். வண்டி காலியாகத் திரும்பியது. நர்ஸம்மா எழுதிக் கொடுத்ததால் நான்கு பேர் கணக்கில் சேர்க்காமல், ஆறு மாதத்துக்குக் கடைசி வரிசையில் கோடி அறையை எனக்கு மட்டும் தந்தார். முடிவெட்டுகிறவருக்குப் பக்கத்து அறை. நடுவில் ஒரு தகரம்தான். எனக்குக் கேட்டால் நான் தட்டுகிறேன், அவர் உண்டு இல்லை என்று சொல்கிறார். அவருக்கு ஆடினால் அவர் தட்டுகிறார். முதல் இரண்டு ராத்திரி இரண்டு பேரும் தட்டிக்கொண்டே இருந்தோம். இப்போது குறைந்திருக்கிறது.

ஆறு மாதம் கழித்து என்ன என்று கேட்டேன். அப்போது பார்க்கலாம் என்றார் அதிகாரி. அந்தப் பயம் இருக்கிறது. செருப்புக்கடைக்காரர் வேறு இடத்தில் கடை போட்டுவிட்டார், பகலில் பெட்டி மடிக்கப் போகிறேன். புதுச் சாவி சின்னது. தொலைந்துவிடுமோ என்று கழுத்தில் மாட்டியிருக்கிறேன்.

தம்பி

டிசம்பர் 10

என் பெட்டிக்கார துரைக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள்! கால் பாகற்காய் மாதிரி சுருங்கிக் கிடந்தது. டாக்டர் ஒரு வாரம் நடக்காதீர்கள் என்றார், சரி என்று சொல்லிவிட்டு நேராக வந்து பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏறும்போது டிப்போவே கைதட்டியது, விழவில்லை என்று.

வந்தால் நீ இல்லை, வேலைக்குப் போய்விட்டாய். பஸ் திரும்புவதற்குள் கிடைத்த நேரத்தில் உன்னைத் தேடி அலைவதை விட உன் அறையை ஒழுங்கு பண்ணுவோம் என்று கடைசி வரிசைக்குப் போய்க் கோடி அறையைப் பிடித்தேன். பூட்டைக் கொக்கியில் மாட்டிவைத்துவிட்டுப் பூட்டாமலே போயிருக்கிறாய். கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டு என்னடா புண்ணியம்? உன்னைச் சுத்தமானவன் என்று ஊருக்கே எழுதிக் கொடுத்தேன், உள்ளே பார்த்தால் மானமே போயிற்று. கட்டில் மேல் காகிதம், கீழே காகிதம். எல்லாவற்றையும் அடுக்கிக் கட்டி மூலையில் வைத்தேன். போர்வையைத் துவைத்துக் காயப் போட்டேன். டம்ளரில் என்னவோ பழைய தண்ணீர், அடியில் என்னவோ கிடந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வடிகாலில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தேன். மூக்குக்கண்ணாடி எப்போதிருந்து போடுகிறாய்? சொல்லவே இல்லையே.

அங்கே கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான்கு பக்கமும் தகரம், ஆனால் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட முடிகிறது. போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். இந்த ஆறு மாதம் முடிவதற்குள் அந்த அதிகாரியை நான் விடப் போவதில்லை. பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வேலைக்கு ஓடாமல் இரு.

அக்கா

டிசம்பர் 14

அக்கா,

நீ வந்து போனாய் என்று கடிதம் பார்த்துத்தான் தெரிந்தது. வராமல் போனாயோ என்று நினைத்திருந்தேன், ஏனென்றால் என் அறை அப்படியேதான் இருந்தது.

வரிசைக்கு இரண்டு கோடி உண்டு. என்னுடையது குழாய்ப் பக்கத்துக் கோடி. நீ போனது சாலைப் பக்கத்துக் கோடி. அதில் வீட்டு வசதி அதிகாரி தங்கியிருக்கிறார்.

அவர் போர்வையைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொன்னார். காகிதங்களை மறுபடி பிரித்து வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறார். நீ வந்து போனதிலிருந்து அவர் கூட்டங்களில் பேசவில்லை, எழுதிக் காட்டுகிறார். டம்ளரில் இருந்தது அவருடைய பல் செட். நானும் முடிவெட்டுகிறவரும் வடிகாலில் இறங்கித் தேடினோம். மேல் வரிசை கிடைத்துவிட்டது. கீழ் வரிசையை நாளைக்குத் தேடுவதாக இருக்கிறோம்.

தம்பி